இரட்டைமலை சீனிவாசன் படித்த பத்திரிகைகளும் படைத்த பத்திரிகையும்

திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குவர். 1930இல் டாக்டர் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பேராளராக அம்மாநாட்டில் அமர்ந்தவர். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர். சென்னைச் சட்டசபையில் பல்லாண்டு உறுப்பினராக இருந்தவர் என்று பெருமையோடு சொல்வோம். அத்தனையும் உண்மையே. ஆயினும் அந்த அரசியல் பெரியார் அரசியல் கற்ற இடம் சட்டசபை அன்று. அவர் அதனைப் பத்திரிகைகளில் கற்றார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், நம் நாட்டுப் பத்திரிகைகள் அரசியல் பேசக் கற்றுக்கொண்டிருந்த வேளையில், அவற்றை அவர் எவ்வாறு படித்தார், படித்தபின் என்ன செய்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள். கொங்கு நாட்டு இளைஞர்களாகிய நமக்கு இதில் தனி உரிமையும் உண்டு. அவர் கல்வி பயின்றது நம் கோவை மாநகரில். உத்தியோகம் பார்த்தது நம் வடமேற்கே நிற்கும் நீலமலையில்.

செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த சீனிவாசன் அவர்கள் கோவைக் கலாசாலையில் பயின்ற காலத்தைத் தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் நூலில் சில வரிகளில் குறித்துள்ளார். 1939இல் வெளிவந்த சிறு நூல் அது. அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர் என்றும், அவருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்றும் அவர் எழுதுகிறார். உடன் பயில்வோருடன் பழகினால் சாதி, குடும்பம், குடியிருப்பு ஆகியவற்றை விசாரித்து அறிந்துவிடுவர். அறிந்தபின் இழிவாக நடத்துவர். ஆதலால் பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவாராம். வகுப்புக் கலைந்ததும் பிறர் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம்.

இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தத்தோடு ஒரு வியப்பும் தோன்றுவதுண்டு. நானூறு பேரில் ஒருவராய், யாரோடும் பேசாமல், எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவனுக்கு 'பொதுஜனம்' என்ற சொல் பிறர்க்குப் பட்டதுபோல் படுமா?

அக்காலத்துப் பத்திரிகைகளின் நிலையைச் சிறிது பார்ப்போம். 1878ஆம் ஆண்டு முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைக் கடுமையாகத் தாக்கின. அதனைப் படித்துச் சினமுற்ற ஆசிரியர் இருவரும், சட்டம் பயின்ற மாணவர் நால்வரும் கூடி, ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் 80 பிரதிகள் அச்சிட்டு 'இந்து' பத்திரிகையைத் தொடங்கினர். நான்கணா விலையுள்ள வார ஏடு அது. நான்காண்டுகளுக்குப் பின் 1882இல் தமிழில் 'சுதேசமித்திரன்' பிறந்தது. இரண்டையும் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். பிறர் பத்திரிகையில் தம்மவர் இழிவுபடுத்தப்பட்டதைப் படித்தவர்கள் தமக்கென ஒரு பத்திரிகை கண்டனர். சென்னை இதழியலின் பிறப்பு வரலாறு இதுதான். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

கோவையும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. சே. ப. நரசிம்மலு நாயுடு அவர்கள் 'கோயமுத்தூர் கலாநிதி' என்னும் பத்திரிகையை நடத்தினார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குக் கோவையிலிருந்து சென்றவரும் அவரே. கோவையின் குடிநீருக்குச் சிறுவாணியைக் காட்டியவர், ஆலைத் தொழிலுக்கு வித்திட்டவருள் ஒருவர் என்று இந்நகரம் அவரை இன்றும் மதிக்கிறது, மதிக்கத்தான் வேண்டும். அக்காலப் பத்திரிகாசிரியர் என்றால் வெறும் செய்தி எழுதுபவர் அல்லர். ஊர்ப் பொதுவாழ்வின் தலைவர், அரசாங்கத்தோடு வாதாடும் வக்கீல், இரண்டுமாக இருந்தவர் என்பதற்கு அவர் நல்ல சான்று.

பத்திரிகைகளைப் பொதுமக்கள் மட்டும் படிக்கவில்லை. அரசாங்கம் இன்னும் கவனமாகப் படித்தது. 1878இல் லிட்டன் பிரபு நாட்டுமொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது சென்னை மாகாணத்துக்கு அது பொருந்தாது என விலக்கப்பட்டது. 1882இல் ரிப்பன் பிரபு காலத்தில் அச்சட்டமே நீங்கிற்று. ஆனால் பூட்டுப் போடாத இடத்திலும் காது வைத்துக் கேட்கும் ஏற்பாடு இருந்தது. அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் முதலிய மொழிகளில் வரும் பத்திரிகைகளைப் படித்து, அரசியல் தொடர்பானவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி, அறிக்கையாக அச்சிட்டு உயர் அதிகாரிகளுக்குத் தருவர். இரகசிய அறிக்கை அது. 1870 முதல் கோடை மாதங்களில் சென்னை அரசாங்கம் உதகையிலிருந்து இயங்கியதால், மேட்டுப்பாளையம் வரை இரயிலிலும் அதற்குமேல் மலைப் பாதையிலும் சென்ற அரசாங்கத் தபால் கட்டுகளில் நாட்டின் குரல் என்று எதனைக் கவர்னர் கருதினாரோ அதுவும் சென்றது. அந்த அறிக்கையில் ஒரு சமூகத்தின் பெயர் வரவேண்டுமானால் அச்சமூகத்துக்கு ஒரு பத்திரிகை இருக்கவேண்டும். பத்திரிகை இல்லாதார்க்குக் குறையும் இல்லை என்றே பொருளாயிற்று.

சீனிவாசன் அவர்கள் அந்த நீலமலையில் வெள்ளையர் வணிக நிறுவனத்தில் கணக்கராக ஏறத்தாழ பத்தாண்டுகள் பணியாற்றினார். அதே மலையில்தான் அவருடைய சகோதரியின் கணவராகிய பண்டிதர் அயோத்திதாசரும் பொதுப்பணி செய்துவந்தார். 1885இல் ஜான் ரத்தினம் அவர்களுடன் சேர்ந்து 'திராவிட பாண்டியன்' என்னும் ஏட்டுப் பணியிலும் பண்டிதர் ஈடுபட்டார். அதற்கும் முன்னரே, 1869இல், 'சூரியோதயம்' என்னும் இதழ் நம்மவரால் நடத்தப்பட்டதாக ஆராய்ச்சியாளர் காட்டுகின்றனர். ஆகவே நம் சமுதாயம் பத்திரிகைத் துறைக்குப் பிந்தி வந்தது என்ற எண்ணத்தை இளைஞர்கள் விட்டுவிட வேண்டும். 'இந்து'வுக்கு ஒன்பது ஆண்டு முந்தியது 'சூரியோதயம்'.

1891 டிசம்பர் முதல் நாள் உதகையில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. அவை காங்கிரசுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து பயனுள்ள நடவடிக்கை எதுவும் எழவில்லை. நாட்டு மக்கள் அனைவர்க்கும் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அமைப்பு, நாட்டு மக்களில் ஒரு பகுதியார் அனுப்பிய மனுவுக்கு மௌனமாக இருந்தது. மறு ஆண்டு, 1892 செப்டம்பர் 30ஆம் நாள், செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பயனாக, ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பிற்காலத்தில் வழங்குவது இதுவே. ஒரு கலெக்டரின் ஆங்கில அறிக்கை செய்ததை, இலட்சக்கணக்கான மக்களின் துயரம் அதுவரை செய்யமுடியவில்லை என்பதைச் சீனிவாசன் அவர்கள் கவனியாதிருந்திருப்பார் என்று நான் எண்ணவில்லை. அப்போது அவர் சென்னைக்கு வந்துவிட்டார். நம் மக்களின் பழமை பற்றிய சான்றுகளைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இனி 1893. ஐ.சி.எஸ். தேர்வு அதுவரை இலண்டனில் மட்டுமே நடந்தது. இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டுமென்று முதல் காங்கிரசிலேயே தீர்மானம் உண்டு. 1893 ஜூன் 2ஆம் நாள் இங்கிலாந்து மக்கள் சபை அதற்கு ஆதரவாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. தேசியப் பத்திரிகைகள் மகிழ்ந்தன. இந்தியர்க்கு நீதி கிடைத்தது என்பதே எங்கும் பேச்சு.

'இந்தியர்' என்ற அச்சொல்லைச் சீனிவாசன் அவர்கள் கோவைக் கலாசாலைக் கணக்கை வைத்துக்கொண்டு படித்தார் என்று நான் கருதுகிறேன். நானூறில் பத்து. தேர்வு இந்தியாவுக்கு வந்தால் வெல்லப்போகிறவர் எவர் என்பதற்கு அவர்க்கு வேறு புள்ளிவிவரம் வேண்டியதில்லை. வென்றவர் கலெக்டராக வந்து அமர்ந்தால் சேரிக்குள் கால் வைப்பாரா? சேரியிலிருந்து மனுக் கொண்டு வருபவனைக் கச்சேரித் திண்ணையில் ஏறவிடுவாரா? இந்தக் கேள்விகள் எந்தத் தேசியப் பத்திரிகையிலும் இடம்பெறவில்லை. வெள்ளையர் பத்திரிகையைப் படித்து, இதில் எங்கள் குரல் இல்லை என்று 1878இல் சுப்பிரமணிய ஐயர் கூட்டத்தார் எந்தக் கண்ணோடு பார்த்தார்களோ, அதே கண்ணோடு 1893இல் சுப்பிரமணிய ஐயர் போன்றோரின் பத்திரிகைகளைச் சீனிவாசன் பார்த்தார். முந்தியவர்களின் பார்வை தேசபக்தி என்று போற்றப்படுகிறது. பிந்தியவரின் பார்வை வெள்ளையர்க்கு அடிபணிதல் என்று சிலரால் ஏசப்பட்டது. இரண்டு அளவுகோல் வைத்து அளப்பது நேர்மையாகாது.

1893 அக்டோபரில் 'பறையன்' வெளிவந்தது. நான்கே பக்கங்கள் கொண்ட மாத ஏடு, விலை இரண்டணா. விளம்பரத்துக்கும் அச்சுக்குமாகச் செலவு பத்து ரூபாய் என்று அவரே கணக்குச் சொல்கிறார். சென்னையில் இரண்டே நாளில் நானூறு பிரதிகளளவு விற்றுப்போயின. 'இந்து' 80 பிரதியோடு தொடங்கியதை எண்ணிப் பாருங்கள். படிப்பவரே இல்லை என்று நாடு நினைத்த ஒரு சமூகத்தில் இரண்டு நாளில் நானூறு பேர் இரண்டணா எடுத்துக் கொடுத்தனர். கணக்கரல்லவா, எண்களை அவர் மறக்கவில்லை. கோவைக் கலாசாலையின் நானூறும் இந்த நானூறும் ஒரே நூலில் இருக்கின்றன.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். இழிவாக வழங்கிய சொல்லையே பத்திரிகையின் தலைப்பாக இட்டது அக்காலத்திலேயே பலர்க்கு உடன்பாடில்லை. அயோத்திதாசர் அச்சொல்லை ஏற்கவேயில்லை. நாம் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்பது அவர் கொள்கை. சீனிவாசன் கொள்கை வேறு. ஒருவன் தன் பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்கமுடியாது. எந்தப் பெயரால் தள்ளினார்களோ அந்தப் பெயராலேயே முன்வந்து நிற்கவேண்டும் என்றார். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்து, எவர் கண்ணிலும் படாமல் வீடு திரும்பிய மாணவர் எடுத்த முடிவு இது என்பதை நினைத்தால் அதன் கனம் விளங்கும். இருவருள் யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு நம் வீடுகளில் இன்றும் முடிந்தபாடில்லை. என் மனம் பெயர் வகையில் பண்டிதர் பக்கமும், துணிவு வகையில் சீனிவாசன் பக்கமும் சாய்கிறது.

பத்திரிகை தொடங்கி மூன்று மாதத்துக்குள், 1893 டிசம்பர் 23ஆம் நாள், சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் அவர் கண்டனக் கூட்டம் கூட்டினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவில் நடத்துதல் கூடாது என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு எழுதப்பட்டது. அதில் 3412 பேர் கையொப்பமிட்டனர். மனுவின் நீளம் 112 அடி என்கிறார். கையொப்பம் இடத் தெரிந்தவரே அரிதாயிருந்த காலத்தில் அந்த எண்ணிக்கை எளிதன்று. பத்திரிகை வாசகர் பட்டியலும் மனுவின் கையொப்பப் பட்டியலும் ஒன்றையொன்று வளர்த்திருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து ஏடு வார ஏடாயிற்று. இரண்டாண்டில் சொந்த அச்சு இயந்திரமும் வந்தது.

அந்த மனுவை மக்கள் சபையில் சேர்ப்பித்தவர் ஜெனரல் சர் ஜார்ஜ் செஸ்னி. இவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1871இல் இவர் 'டார்க்கிங் போர்' என்ற கதையை ஒரு மாதப் பத்திரிகையில் பெயர் போடாமல் எழுதினார். ஜெர்மானியர் இங்கிலாந்தின்மேல் படையெடுத்து வென்றதாகக் கற்பனை. இங்கிலாந்தே கலங்கிப்போயிற்று. பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் அவ்வாண்டு செப்டம்பரில் விட்பி என்னும் ஊரில் பேசும்போது அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. இத்தகைய பீதி எழுத்து நாட்டைப் பிறர் நகைக்கச் செய்யும், வீண் செலவிலும் தள்ளும் என்று கடிந்தார். ஒரு பத்திரிகை எழுத்து ஒரு மந்திரிசபைக்குப் பதில் சொல்லும் கடமையை உண்டாக்கிவிடும் என்பதைத் தம் அனுபவத்தில் கண்டவர் செஸ்னி. அவர் கைக்கு நம் மனு போய்ச் சேர்ந்தது தற்செயலே எனினும் பொருத்தமான தற்செயல்.

அயல்நாட்டிலும் இதற்கு இணையுண்டு. அமெரிக்காவில் 1827இல் நியூயார்க் நகரத்துக் கறுப்பின மக்கள் தமக்கென முதல் பத்திரிகையைத் தொடங்கினர். அடிமையாயிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1847இல் 'வட விண்மீன்' என்ற ஏட்டைத் தொடங்கியபோது, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட வெள்ளை நண்பர்களே அது தேவையில்லை என்றனர். எங்கள் பத்திரிகையே உங்களுக்காகப் பேசுகிறதே என்பது அவர்கள் வாதம். நல்லெண்ணம் உடையவரும் இதனை உணரார் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' ஏட்டைத் தொடங்கியபோதோ, கட்டணம் தருகிறோம் என்றும் அதன் விளம்பரத்தை வெளியிடக் 'கேசரி' மறுத்துவிட்டது.

'பறையன்' இடர் இல்லாமல் நடக்கவில்லை. வாசகர் எழுதிய கடிதம் ஒன்றை வெளியிட்டதற்காக ஆசிரியர்மேல் வழக்குத் தொடரப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பத்து ரூபாயில் தொடங்கிய பத்திரிகைக்கு நூறு ரூபாய் என்பது மரண அடி. ஆயினும் ஏடு நிற்கவில்லை. ஏழாண்டு நடந்தது. 1900இல் இங்கிலாந்து சென்று நேரில் முறையிடும் எண்ணத்துடன் ஆசிரியர் கப்பல் ஏறினார். இலண்டன் சேர இயலாது ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது; நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். ஆசிரியர் போனபின் பத்திரிகையும் நின்றது. ஒருவர் தோளில் மட்டும் நின்ற பொதுப்பணியின் குறை அது. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கி அந்த இடத்தை நிரப்பினார். அவர் 1914இல் மறைந்த பின்னும் அவ்வேட்டைப் பிறர் எடுத்து நடத்தினர்.

இருபதாண்டு கழித்துத் தாயகம் திரும்பிய சீனிவாசன் அவர்கள் 1923இல் சட்டசபை உறுப்பினரானார். இதற்கிடையில் 1922 முதல் ஐ.சி.எஸ். தேர்வு இந்தியாவிலும் நடக்கத் தொடங்கியிருந்தது. தாம் எதிர்த்த தேர்வு வந்துவிட்டது. இனி அதனை எதிர்த்துப் பயனில்லை. அவர் வேறு வேலையைப் பார்த்தார். 1924 ஆகஸ்ட் 22ஆம் நாள் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலை, தெரு, பாதைகளில் நடக்கவும், பொதுக் கிணறு, குளம், அரசாங்க அலுவலகம் முதலியவற்றை மற்றவரைப் போலவே பயன்படுத்தவும் தடையில்லை என்பது அதன் கருத்து. செப்டம்பர் 25இல் அது அரசாணையாகி உள்ளாட்சி மன்றங்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் போயிற்று. ஜில்லா கெஜட்டுகளிலும் வெளிவந்தது.

இங்கே பழைய பத்திரிகாசிரியரைக் காண்கிறோம். சட்டம் இயற்றுவதோடு அவர் நிறைவுறவில்லை; அது அச்சாகிப் பரவவேண்டும் என்பதில் கண்ணாயிருந்தார். வீதியில் நடக்கும் உரிமை ஏட்டில் இருந்து என்ன பயன், தடுப்பவனுக்கும் நடப்பவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டாமா? நம் கொங்கு நாட்டுக் கிராமங்களில் கிணற்றுக்கும் வீதிக்கும் நேர்ந்த வழக்குகளை அறிந்த முதியோர், ஆணை பிறந்த நாளுக்கும் ஆணை நடப்புக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை தலைமுறை கழிந்தது என்று சொல்வர்.

1939இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதும்போது அவர்க்கு எண்பதை ஒட்டிய வயது. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் எல்லாம் வந்தாயிற்று. அரச விருந்துகளும் பார்த்தாயிற்று. இருந்தும் அச்சிறு நூலில் நான்கு பக்க மாத ஏட்டின் அச்சுக்கூலியையும் விற்ற பிரதிகளையும் மறவாது பதிவு செய்தார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

'பறையன்' ஏட்டின் தொகுதி முழுமையாக நம் கைக்கு வந்து சேரவில்லை. அதில் எழுதப்பட்டவற்றுள் இன்று ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுவன பெரும்பாலும் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் தம் இரகசிய அறிக்கைக்காக ஆங்கிலத்தில் சுருக்கிய துண்டுகளே. நம்மவர் தமிழில் எழுதியதை நாம் ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து மீண்டும் தமிழாக்கிப் படிக்கிறோம். கவர்னர் படிக்கவேண்டும் என்று எழுதியது கவர்னர் அலுவலகத்தில் தங்கிற்று; நம் மக்கள் படிக்கவேண்டும் என்று எழுதியது நம் வீடுகளில் தங்கவில்லை.

ஏழாண்டு வெளிவந்த ஒரு வார ஏடு அடியோடு அழிந்திருக்கும் என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை. கோவை, போத்தனூர், மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை ஆகிய இடங்களில் இரயில்வேயிலும் தோட்டங்களிலும் வணிக நிறுவனங்களிலும் மூன்று நான்கு தலைமுறையாகப் பணியாற்றிய நம் குடும்பங்கள் உள்ளன. பழைய தகரப் பெட்டிகளில், பத்திரங்களுக்கு அடியில், புத்தகங்களுக்கு மேலட்டையாக, இவ்வேட்டின் ஒரு தாளோ, 'தமிழன்' இதழின் ஒரு பிரதியோ, சபைக் கூட்ட அறிக்கையோ இருக்கக்கூடும். அவ்வாறு ஏதேனும் கண்ணில் படின், கிழிந்ததென்று எறிந்துவிடாமல் நமது சங்க நூலகத்திற்குக் கொணர்ந்து காட்டுமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன். படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தந்துவிடலாம்.